வாசகர் கேள்வி பதில்: ஒரு லிட்டரில் எத்தனை கிலோமீட்டர்?

பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களும் பெருகிவிடுகின்றன. இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை பெட்ரோல் செலவைக் குறைப்பது பற்றியே கேட்டிருப்பதால், இந்த இதழின் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு காரும் ஒரு ஸ்கூட்டரும் இருக்கின்றன. மாதச் சம்பளத்தில் பெட்ரோலுக்குப் போகும் பங்கு கூடிக்கொண்டே வருகிறது. சிக்கனத்தை எங்கிருந்து தொடங்குவது? (குடும்பத் தலைவி ஒருவர்)

பதில்: அளப்பதிலிருந்து தொடங்குங்கள், அம்மா. இதுவரை என்னிடம் யோசனை கேட்டவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் வண்டி உண்மையில் என்ன மைலேஜ் தருகிறது என்று தெரிந்திருக்கவில்லை. வாங்கும்போது விற்பனையாளர் சொன்ன எண்ணையே நினைவில் வைத்திருந்தார்கள். அளக்கும் முறை எளிது. டாங்கை நிரப்பச் சொல்லி, குழாய் தானாக நின்றதும் நிறுத்திவிட்டு, ஓடோமீட்டர் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல் ஓட்டிவிட்டு, அடுத்த முறையும் அதே விதமாக நிரப்பி, இடையில் ஓடிய தூரத்தை இரண்டாம் முறை ஊற்றிய லிட்டர் அளவால் வகுத்தால் மைலேஜ் கிடைத்துவிடும். 420 கிலோமீட்டர் ஓடியபின் 28 லிட்டர் பிடித்தது என்றால் லிட்டருக்கு 15 கிலோமீட்டர். ஒவ்வொரு முறையும் குழாய் நிற்கும் இடம் சற்று மாறக்கூடும் என்பதால், ஒரு கணக்கை மட்டும் நம்பாமல் மூன்று நான்கு முறை அளந்து சராசரி பாருங்கள். காரின் திரையில் தெரியும் மைலேஜ் வழிகாட்டியாக உதவும், எனினும் அது பல வண்டிகளில் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டுகிறது.

இந்த எண் கையில் இருந்தால் மட்டுமே நீங்கள் செய்யும் எந்த மாற்றமும் பலன் தந்ததா என்று தெரியும். தவிர, எந்தக் காரணமும் இல்லாமல் மைலேஜ் திடீரென்று இறங்கினால், பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது அல்லது சென்சார் ஒன்று பழுதாகியிருக்கிறது என்பதை மெக்கானிக்குக்கு முன்பே அந்த நோட்டுப் புத்தகம் உங்களுக்குச் சொல்லிவிடும். நவீன கார்களில், புகையில் உள்ள ஆக்சிஜனை அளந்து பெட்ரோல் அளவைச் சரிசெய்ய உதவும் ஆக்சிஜன் சென்சார் முற்றிலும் பழுதானால் எரிபொருள் செலவு மிகக் கடுமையாகக் கூடும்; எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிவதைப் பார்த்தும் பல வாரங்கள் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் அந்தப் பழுதுக்கான பணத்தைப் பங்க்கில் தவணை தவணையாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: மெதுவாகப் போனால் பெட்ரோல் மிச்சமாகும் என்கிறேன். மெதுவாகப் போனால் எஞ்சின் அதிக நேரம் ஓடுவதால் செலவுதான் கூடும் என்கிறான் என் மகன். யார் சொல்வது சரி? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: நெடுஞ்சாலையைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி, ஐயா. ஆனால் உங்கள் மகன் சொல்வதிலும் ஓர் உண்மை இருக்கிறது. நெரிசலில் 15, 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்லும்போது, எஞ்சின் தன்னைத்தானே சுழற்றிக்கொள்வதற்கும் ஏ.சி. முதலியவற்றுக்கும் செலவாகும் எரிபொருள் குறைந்த தூரத்தின் மீது விழுவதால், மைலேஜ் மிகவும் இறங்கிவிடுகிறது. வேகம் கூடக்கூட இந்தச் சுமை பரவிக் குறைகிறது. ஆனால் மறுபக்கத்தில் காற்றின் எதிர்ப்பு வளர்கிறது. அது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது. 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரை 100 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுசென்றால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது, காற்றின் எதிர்ப்போ 56 சதவீதம் கூடுகிறது. டயர் உராய்வு போன்ற பிற செலவுகள் அதே அளவுக்குக் கூடாததால் பெட்ரோல் செலவு அப்படியே 56 சதவீதம் உயர்ந்துவிடாது என்றாலும், உயர்வு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இருக்கும். இரண்டு சுமைகளும் சேர்ந்து மிகக் குறைவாக இருக்கும் இடம் பல கார்களில், உயர்ந்த கியரில், 60 முதல் 80 கிலோமீட்டருக்கு இடையில் அமைகிறது.

நேரக் கணக்கையும் மகனிடம் போட்டுக் காட்டுங்கள். 50 கிலோமீட்டர் தூரத்தை 100 வேகத்தில் கடக்க 30 நிமிடங்கள். 80 வேகத்தில் 37 நிமிடங்கள் 30 விநாடிகள். இடையில் ஒரு சுங்கச் சாவடியோ நெரிசலோ வந்தால் இந்த ஏழரை நிமிடங்களும் அங்கேயே கரைந்துவிடும். எண்ணெய் நெருக்கடியின்போது அமெரிக்கா 1974-இல் நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல், அதாவது ஏறத்தாழ 88 கிலோமீட்டர் என்று வேக வரம்பு கொண்டுவந்ததும், பன்னாட்டு எரிசக்தி முகமை 2022-இல் வெளியிட்ட எண்ணெய்ச் சிக்கனத் திட்டத்தில் நெடுஞ்சாலை வேக வரம்பை மணிக்கு 10 கிலோமீட்டர் குறைக்கும்படி கேட்டுக்கொண்டதும் இந்தக் காரணத்தை வைத்துத்தான்.

நகரத்துக்குள் வேகத்தைவிட ஓட்டும் விதம் பெரிது. முன்னால் சிவப்பு விளக்கு எரிவது தெரிந்தும் ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே போய்ப் பக்கத்தில் சென்று பிரேக் பிடித்தால், பெட்ரோலை எரித்துப் பெற்ற வேகம் முழுவதும் பிரேக்கில் வெறும் வெப்பமாக வீணாகிறது. தொலைவிலேயே காலை எடுத்துவிட்டு, வண்டி தன் வேகத்தில் உருண்டு செல்லும்படி விட்டால், பல நேரங்களில் நீங்கள் அருகில் போய்ச் சேரும்போது விளக்கு பச்சையாகியிருக்கும். அமெரிக்க எரிசக்தித் துறை, முரட்டுத்தனமாக ஓட்டுவதால் நெரிசலான சாலைகளில் மைலேஜ் 10 முதல் 40 சதவீதம் வரை குறையும் என்று கணக்கிட்டிருக்கிறது. ஒரு காசும் செலவில்லாமல் இவ்வளவு மிச்சம் தரும் வழிகள் எனக்குத் தெரிந்து மிகச் சிலவே.

கேள்வி: இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா? (புதிதாக ஓட்டுநர் உரிமம் பெற்றவர்)

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். எஞ்சின் நின்றுவிட்டால் பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிட அழுத்தம் இரண்டு மூன்று மிதிகளில் தீர்ந்துபோகும். அதன்பின் மிதி கல்லைப்போல் இறுகிவிடும். பவர் ஸ்டீயரிங்கின் உதவியும் போய்விடும். சாவியைத் தவறுதலாக இன்னும் ஒரு படி திருப்பிவிட்டால் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளக்கூடும். மலைப்பாதையில் இவற்றில் ஒன்று நேர்ந்தாலும் போதும், உயிருக்கே ஆபத்து.

மேலும், அப்படிச் செய்யவேண்டிய தேவையே இன்று இல்லை. ஃபியூயல் இன்ஜெக்ஷன், அதாவது கணினி அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் முறை உள்ள வண்டியில், கியரில் இருந்தபடியே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுவதும் எடுத்துவிட்டால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுவதால், எஞ்சினின் வேகம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கும்வரை கணினி பெட்ரோலை முற்றிலும் நிறுத்திவிடுகிறது. அதே இறக்கத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க நியூட்ரலில் போட்டால், அது நின்றுவிடாமல் இருப்பதற்காகப் பெட்ரோல் சொட்டிக்கொண்டே இருக்கும். எனவே கியரில் இறங்குவதே பாதுகாப்பு, அதிலேதான் சிக்கனமும் இருக்கிறது.

கேள்வி: பழைய பெரிய கார் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தருகிறது, சிறிய கார் 20 தருகிறது. ஒன்றை மாற்றப்போகிறோம். பெரியதை மாற்றினால் 12.5, சிறியதை மாற்றினால் 25 கிடைக்கும். இரண்டும் மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடுகின்றன. ஐந்து கிலோமீட்டர் கூடும் சிறிய காரை மாற்றுவதுதானே லாபம்? (சிறு தொழில் நடத்துபவர்)

பதில்: பலரும் சறுக்கும் இடம் இது. இவ்வளவு தெளிவாக எண்களைக் குறித்து அனுப்பியதற்கு நன்றி. பெரிய கார் இப்போது மாதம் 100 லிட்டர் குடிக்கிறது. மாற்றினால் 80 லிட்டர் போதும். சிறிய கார் 50 லிட்டர் குடிக்கிறது. மாற்றினால் 40 லிட்டர். முதல் வழியில் 20 லிட்டர் மிச்சம், இரண்டாவதில் 10 லிட்டர்தான். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற எண் கண்ணை ஏமாற்றக்கூடியது. நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று திருப்பிப் போட்டுப் பார்த்தால் உண்மை வெளிப்படும். மைலேஜ் எண்கள் நம் கணிப்பை இப்படித் திசைதிருப்புவதை விளக்கும் ஆய்வு 2008-இல் சயின்ஸ் இதழிலும் வெளிவந்தது. ஐரோப்பிய நாடுகளில் நூறு கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்றே எழுதும் வழக்கம் இந்த வகையில் நல்லது.

வண்டியை மாற்றாமலேயே இந்தக் கணக்கைப் பயன்படுத்தலாம். ஒருவர் மட்டும் செல்லும் பயணங்களைப் பெரிய காரிலிருந்து சிறிய காருக்கு மாற்றுங்கள். மாதம் 300 கிலோமீட்டர் அப்படி மாறினால் 15 லிட்டர் மிச்சம். புதிய கார் வாங்குவதற்கு முன் இதைச் செய்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்; பெட்ரோல் மிச்சத்தை மட்டும் நம்பிக் கடன் வாங்கிக் கார் மாற்றுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கேள்வி: பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், டாங்கில் போடும் மாத்திரை இவையெல்லாம் பலன் தருமா? (கல்லூரி மாணவர்)

பதில்: வாங்காதீர்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதுபோன்ற நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களைப் பரிசோதித்து, மைலேஜைக் கூட்டியவை மிகச் சிலவே, அவையும் மிகச் சிறிதளவே கூட்டின என்று கண்டது. இன்றைய எஞ்சினுக்குள் செல்லும் பெட்ரோல் ஏறத்தாழ முழுவதும் எரிந்தே வெளியேறுகிறது. எரியாமல் மிச்சமிருப்பதைப் பிடித்துக் கொடுப்பதாகச் சொல்லும் சாதனத்துக்குப் பிடிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. எரிவதால் பிறக்கும் ஆற்றலில் பெரும்பங்கு வெப்பமாகப் போய்விடுகிறது என்பது வேறு செய்தி, அதை ஒரு காந்தத்தால் மாற்ற முடியாது. அந்தப் பணத்தில் டயர் காற்றழுத்தம் அளக்கும் கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அந்தக் காற்றழுத்தத்தைப் பற்றித்தான் கேட்க நினைத்தேன். எவ்வளவு வைக்கவேண்டும்? டயரின் மேல் எழுதியிருக்கும் எண்ணா? (வாசகி)

பதில்: இல்லை. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. உங்கள் வண்டிக்கு உரிய அளவு ஓட்டுநர் கதவின் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீட்டிலோ கையேட்டிலோ இருக்கும். வண்டி சில மணி நேரம் நின்று டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்கவேண்டும். எல்லா டயர்களிலும் சராசரியாக ஒரு பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறைந்தால் மைலேஜில் 0.2 சதவீதம் போகிறது. பெரிய இழப்பாகத் தோன்றாது, ஆனால் டயர்கள் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ தாமாகவே இழப்பதால், ஓராண்டு கவனிக்காமல் விட்டவர் இரண்டு சதவீதத்துக்கும் மேல் இழந்திருப்பார். அதோடு டயரும் விரைவில் தேயும், வளைவுகளில் பிடிமானமும் குறையும். காற்று அடைப்பதைச் சிக்கனத்துக்காக மட்டும் செய்வதாக நினைக்கவேண்டாம்.

கேள்வி: அதிகாலையில் பெட்ரோல் அடர்த்தியாக இருக்கும் என்பதால் அப்போது நிரப்பினால் கூடுதலாகக் கிடைக்கும் என்கிறார்களே? அதிக ஆக்டேன் பெட்ரோல் போட்டால் மைலேஜ் கூடுமா? (அரசு ஊழியர்)

பதில்: பெட்ரோல் ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.1 சதவீதம் விரிவடைகிறது என்பது உண்மை. ஆனால் பங்க்கில் பெட்ரோல் இருப்பது நிலத்துக்கு அடியில் புதைத்த தொட்டியில். காலைக்கும் மதியத்துக்கும் இடையில் அதன் வெப்பநிலை மிகச் சிறிதே மாறுகிறது. ஒரு டிகிரி மாறினாலும் 30 லிட்டருக்கு 30 மில்லி லிட்டர்தான் வித்தியாசம். அதற்காக உறக்கத்தை இழக்கவேண்டியதில்லை. குழாய் தானாக நின்றபிறகு மேலும் ஊற்றச் சொல்வதையும் விட்டுவிடுங்கள். பல கார்களில் ஆவியைச் சேர்த்துவைக்கும் கரிப் பெட்டிக்குள் பெட்ரோல் புகுந்து அதைக் கெடுத்துவிடும்.

ஆக்டேன் என்பது பெட்ரோல் அழுத்தத்தில் தானாக வெடித்துவிடாமல் தாங்கும் திறனைக் குறிக்கும் எண். அதில் உள்ள ஆற்றலின் அளவு அல்ல. கையேடு சாதாரணப் பெட்ரோலைச் சொன்னால் அதுவே போதும். அதிக ஆக்டேன் கட்டாயம் என்று கையேடு சொல்லும் வண்டிக்கு மட்டும் அதையே போடுங்கள், அங்கே குறைத்தால் எஞ்சினுக்குத் தீங்கு.

கேள்வி: பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பங்க்கில் விலை இரண்டு சதவீதம் குறைவு. அங்கே போய் நிரப்புகிறேன். விலை ஏறும் முன் கேன்களிலும் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? (வணிகர்)

பதில்: முதல் கேள்விக்குக் கணக்கே விடை சொல்லும். 30 லிட்டர் நிரப்பினால் இரண்டு சதவீதம் என்பது 0.6 லிட்டரின் விலை. போக வர 20 கிலோமீட்டர். உங்கள் வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தந்தால் வழியில் எரிவது 1.3 லிட்டருக்கும் மேல். மிச்சப்படுத்துவதைப்போல் இரு மடங்குக்கும் மேல் இழக்கிறீர்கள். வேறு வேலையாக அந்தப் பக்கம் போகும் நாளில் நிரப்பிக்கொண்டால் 0.6 லிட்டரும் லாபம்தான்.

இரண்டாவது கேள்விக்கு என் பதில் கண்டிப்பாகக் கூடாது என்பதே. பெட்ரோல் சுமார் பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை வெளிவிடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் பரவி, அடுத்த அறையில் உள்ள அடுப்பையோ சுவிட்சின் பொறியையோ தேடிப் போய்ச் சேரும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை நினைத்துப் பார்க்கவே எனக்கு அச்சமாக இருக்கிறது. விலை எவ்வளவு ஏறினாலும் சரி, கேனில் வாங்கிச் சேர்த்துவைக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஏ.சி.யை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து ஓட்டுவது சிக்கனமா? (வாசகர்)

பதில்: நகரத்து வேகத்தில் ஆம், நெடுஞ்சாலையில் பெரும்பாலும் இல்லை. வேகம் கூடும்போது திறந்த ஜன்னல் காற்றின் எதிர்ப்பைக் கூட்டுகிறது. கடும் வெயிலில் ஏ.சி. மைலேஜை 25 சதவீதத்துக்கும் மேல்கூடக் குறைக்கலாம், அதிலும் குறுகிய பயணங்களில்தான் இழப்பு அதிகம். வெயிலில் நின்ற காருக்குள் ஏறியதும், முதலில் ஜன்னல்களைத் திறந்து ஒரு நிமிடம் ஓட்டிச் சூட்டை வெளியேற்றிவிட்டு, அதன்பின் மூடி ஏ.சி.யைப் போடுங்கள். நிழலில் நிறுத்துவதும் இதே சிக்கனத்தில் சேரும்.

காற்றைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று: காரின் கூரைமேல் பெட்டி மாட்டியிருந்தால், தேவையில்லாத நாள்களில் கழற்றி வையுங்கள். நெடுஞ்சாலை வேகத்தில் அது ஏ.சி.க்கு நிகராகப் பெட்ரோல் குடிக்கும்.

கேள்வி: நான் இருசக்கர வண்டியில் பொருள்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்கிறேன். நாளொன்றுக்கு 120 கிலோமீட்டர் ஓடுகிறது. பெட்ரோல் செலவு என் கூலியிலிருந்தே போகிறது. என்ன செய்யலாம்? (டெலிவரி ஊழியர்)

பதில்: இந்தப் பக்கத்தில் மற்ற எவரையும்விட உங்களுக்கே இந்த விடை அதிகம் தேவை, தம்பி. உங்கள் வண்டி லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தருகிறது என்று வைத்துக்கொண்டால், மாதம் 25 நாள்களில் 3000 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 67 லிட்டர் ஆகிறது. மைலேஜ் 50-க்கு உயர்ந்தால் 60 லிட்டர். மாதம் ஆறேழு லிட்டர் உங்கள் பையில் நிற்கும்.

முதலில் வண்டியை மையத் தாங்கியில் நிறுத்திப் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பாருங்கள். உரசாமல் சில சுற்றுகள் தானாகச் சுற்றவேண்டும். உடனே நின்றுவிட்டால் பிரேக் இறுக்கமாக இருக்கிறது, அல்லது செயின் காய்ந்தோ இறுகியோ இருக்கிறது. நாள் முழுவதும் அந்த உராய்வை உங்கள் பெட்ரோல்தான் தள்ளிக்கொண்டிருக்கிறது. செயினைத் துடைத்து எண்ணெய் இடுவதும், தளர்வைக் கையேட்டில் சொன்ன அளவுக்குச் சரிசெய்வதும் நீங்களே செய்துகொள்ளக்கூடிய வேலைகள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ள பழைய வகை வண்டி என்றால், ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் காலையில் இழுத்த சோக்கைத் திரும்பத் தள்ள மறந்தாலும் மைலேஜ் நேராக அடிவாங்கும். கிளட்சைப் பாதி பிடித்தபடி ஊர்ந்து செல்லும் பழக்கம் இருந்தால் அதையும் விடவேண்டும். பெட்ரோலும் போய், கிளட்ச் தட்டும் கெட்டு, இரண்டு செலவாகிவிடும்.

அடுத்தது நிற்கும் நேரம். கடை வாசலில் பொருளுக்காகக் காத்திருக்கும்போதும், நீண்ட சிக்னலிலும் எஞ்சினை அணைத்துவிடுங்கள். மீண்டும் கிளப்புவதற்கு ஆகும் பெட்ரோல் பத்து விநாடி சும்மா ஓடுவதற்கு ஆகும் அளவுக்கு மேல் போகாது. நாள்தோறும் 40 நிமிடம் இப்படி நிற்கிறீர்கள் என்றால் மாதத்துக்குப் பதினாறு மணி நேரத்துக்கும் மேல் ஆகிறது. முகவரிகளை வரிசைப்படுத்தும் உரிமை உங்களிடம் இருந்தால், புறப்படும் முன் இரண்டு நிமிடம் செலவழித்து ஒரே திசையில் உள்ளவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நேரம் நெருங்குகிறது என்ற பதற்றத்தில் திராட்டிலை முறுக்கும்படி உங்களைத் துரத்தும் வேலைமுறை சரியில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். அந்தச் செலவை நிறுவனம் ஏற்பதே நியாயம்.

கேள்வி: அலுவலகத்தில் நாங்கள் நால்வர், அருகருகே வசிக்கிறோம், நான்கு கார்களில் போகிறோம். ஒரே காரில் போனால் எவ்வளவு மிச்சமாகும்? செலவை எப்படிப் பங்கிடுவது? (தனியார் நிறுவன ஊழியர்)

பதில்: ஒவ்வொருவரும் நாளுக்கு 40 கிலோமீட்டர், மாதம் 25 நாள்கள், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று கொண்டால், தலைக்கு ஏறத்தாழ 67 லிட்டர், நால்வருக்கும் 267 லிட்டர். ஒரே காரில் சென்றால் ஒவ்வொருவரையும் ஏற்றி இறக்கத் தூரம் 44 கிலோமீட்டராகும். நால்வரின் எடையால் மைலேஜ் 14-க்கு இறங்கும் என்று வைப்போம். அப்படியும் மொத்தம் 79 லிட்டருக்குள் முடிகிறது, தலைக்கு 20 லிட்டர். இந்தப் பக்கத்தில் நான் சொன்ன மற்ற எல்லா வழிகளையும் கூட்டினாலும் இந்த அளவு மிச்சம் வராது.

பங்கீட்டில் மனக்கசப்பு வராமல் இருக்க, வாரத்துக்கு ஒருவர் காராக மாற்றிக்கொள்வது எளிது. நால்வரில் ஒருவர் காரை மட்டுமே பயன்படுத்துவதாக இருந்தால், பெட்ரோலை நான்காகப் பிரித்தால் மட்டும் போதாது. டயர் தேய்மானமும் சர்வீஸ் செலவும் அவர் தலையில் விழுவதால், பெட்ரோல் பங்கை மற்ற மூவர் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். பிறரை ஏற்றிச் செல்லும்போது காப்பீடு பொருந்துமா என்று அவர் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்வதும் அவசியம். காலையில் ஒவ்வொரு வாசலிலும் எத்தனை நிமிடம் காத்திருப்பது என்பதைத் தொடக்கத்திலேயே நால்வரும் பேசி முடிவுசெய்துவிடுங்கள். நான் அறிந்தவரை இத்தகைய ஏற்பாடுகள் பணத்தால் உடைந்ததைவிடக் காத்திருப்பால் உடைந்ததே அதிகம்.